இரண்டு ஆறுகள்

19.5.1996, ஞாயிறு

நான் சொல்ல மனைவி எழுதுகிறாள்.

நான் வேலைக்கு இருந்து பார்த்துக்கொள்ளும் எண்பது வயது இத்தாலிய அம்மாவுக்கு, நான் 'சிஞ்ஞோரா' என்று கூப்பிடுபவருக்கு, மறதி கூடிவிட்டது. இன்றும் நினைவு வராவிட்டால் முதியோர் இல்லம்தான் என்று அவரது மகன் சொல்லிவிட்டார். பலெர்மோவிலிருந்து எங்களைக் காரில் ஏற்றி, கிரேக்கர் கட்டிய பழைய நகரத்துக்குக் கொண்டுபோனார். சிஞ்ஞோரா பள்ளியில் படிப்பித்த சரித்திரம் அது. எனக்கும் தினமும் கோப்பி நேரத்தில் சொல்வார். ஒரு சொல்லும் நான் மறக்கவில்லை.

"அம்மா, இது எந்த இடம்?" என்று மகன் கேட்டார். சிஞ்ஞோரா வெறித்துப் பார்த்தார்.

"மூண்டு ஆறு சேருற இடமெல்லோ, சிஞ்ஞோரா," என்றேன்.

"ரெண்டு, கழுதை. ரெண்டாறு. அதாலைதான் ஒரு பக்கம் மட்டும் மதில் கட்டினவை." பிறகு முழுக்கதையும் சொன்னார்.

மகன் கண்ணைத் துடைத்தார். "வீட்டிலையே இருக்கட்டும்."

திரும்பும்போது சிஞ்ஞோரா என் காதில் சொன்னார்: "நீ ஒருநாளும் பிழை விடுறேல்லை."