உரிக்காத உறை

நாள் 431, காலை 07:10

இதைக் கண்டெடுப்பவரே! சந்திரனின் தென்முனை நிலையத்துச் சரக்கறைப் பொறுப்பாளன் மருதவாணன், மூவுலகும் சாட்சியாக உறுதி கூறுகிறேன்: இனி எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை.

இன்று குளியல் பெட்டி வந்து இறங்கியது. மூன்று சுவர்ப் பலகை, ஒரு தரைத்தட்டு, ஒரு கண்ணாடிக் கதவு. பொருத்தினால் பீரோ அளவு. நிலையத்தில் மூன்றே பேர். பதினான்கு மாதமாக ஈரத்துண்டால் துடைத்தே வாழ்கிறோம். எங்கள் வாடை தாங்காமல் இரண்டு விண்கற்கள் வழிமாறிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

நாள் 431, மாலை 15:40

பொருத்தியாயிற்று. குழாய் வேலை செய்யும் செங்கமலம் சுவருக்குப் பின்னால் நின்று வடிகுழாயை இணைத்தாள். உள்ளே பலகைகளைத் தூக்கிப் பிடித்தது நான். சந்திரனையும் சேர்த்தே தூக்கியிருப்பேன், தலைவி நப்பின்னைதான் வேண்டாமென்றார். ரேடியோவில் செங்கமலம்:

"மாமா, தட்டு மேல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் உறைய உரிச்சாச்சா? ஓட்டைய மூடியிருக்கும்."

"உரிச்சாச்சும்மா."

என் சொல்லை நம்பிச் சோதனைத் தாளில் கையெழுத்திட்டாள். என் வீட்டு டிவி ரிமோட் பதினாறு வருடமாக உறைக்குள்ளேயே வாழ்கிறது என்பது இங்கே தேவையற்ற தகவல்.

நாள் 432, காலை 06:25

முதல் குளியல் தலைவிக்கு. தண்ணீர் முழுதும் வடிந்தால்தான் கதவு திறக்கும். நிலையத்துக்குள் ஒரு சொட்டும் சிந்தக் கூடாதாம்.

"மாமா! தண்ணி இறங்கல! கதவும் திறக்கல! செங்கமலத்தக் கூப்பிடுங்க, சீக்கிரம்..."

ஏழு கடல் அளவு தண்ணீர் என்று எழுதத்தான் ஆசை. நாலு வாளி இருக்கும். ஆனால் இங்கே எடை குறைவு. தண்ணீர் சுவரேறும், முகத்தில் அப்பும், மூக்கை விடாது.

06:41. செங்கமலம் கடப்பாரையால் கதவை உடைத்தாள். அவள் உள்ளங்கை கிழிந்தது. தலைவிக்கு உதடு நீலம்.

06:50. இருவரும் மருத்துவ அறைக்குப் போனார்கள். நான் மட்டும் பெட்டியருகே. இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது.

நாள் 433, காலை 11:00

விசாரணை. எட்டுக் கையுள்ள நிலா ஆக்டோபஸ் ஒன்று ஓட்டையை அடைத்துக்கொண்டதாக வாக்குமூலம் தந்தேன். அதன் மீசையைக்கூட வர்ணித்தேன். தலைவி சிரிக்கவில்லை. தட்டிலும் ஓட்டையிலும் அடைப்பு எதுவும் இல்லை. ஆகவே வடிகுழாயின் சரிவில்தான் பிழை. ஆகவே செங்கமலத்தின் பிழை. ஒன்பது வருடம் பயின்று வந்தவள். மாலை விண்ணோடத்தில் ஊர் திரும்ப உத்தரவு. இனி எந்த நிலையத்திலும் அவளிடம் ஸ்பேனர் தரமாட்டார்கள்.

நான் மேசையில் இருந்த திருகாணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாள் 433, மாலை 16:48

ஓடத்திலிருந்து:

"மாமா, நீங்க உரிச்சேன்னு சொன்னீங்க. அப்ப தப்பு என் குழாய்லதான். எனக்காக ஆக்டோபஸ் அது இதுன்னு தலைவிகிட்ட மல்லுக்கு நிக்காதீங்க. நேத்துலேர்ந்து நீங்க சாப்பிடல, தெரியும். போய்ச் சாப்பிடுங்க."

எனக்காக, என்கிறாள்.

16:54. பொது லைனை அழுத்தினேன். சொன்னேன். மூச்சு வாங்க, அலங்காரமே இல்லாமல் சொன்னேன். நேற்று அந்த இரண்டு நிமிடத்தில் உரித்துச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த உறையை எடுத்துக் கேமராவில் காட்டினேன்.

தலைவி: "மாமா, அந்தப் பொண்ணு மேல உங்களுக்கு இருக்கிற பாசம் புரியுது. காலைல ஆக்டோபஸ், இப்ப உறையா? சரக்கறையில அந்த மாதிரி பிளாஸ்டிக் நூறு கெடக்கு. லைன விடுங்க, ஓடம் கெளம்புது."

"இல்ல தலைவி, இது சத்தியமா..."

"பதினாலு மாசமா எல்லாமே சத்தியம்தான் மாமா."

17:00. ஜன்னலில் வெளிச்சம். சின்னதாகிறது.

17:20. விண்கற்கள் பொய். ஆக்டோபஸ் பொய், அதன் மீசையும். நான் சந்திரனைத் தூக்கியதில்லை. பலகையையே செங்கமலம் வந்துதான் நிமிர்த்தினாள். கண்டெடுப்பவரே, மொத்தத்தில் ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஓட்டையின் மேலிருந்த உறையை நான் உரிக்கவில்லை.