நான் சரி போட்ட படம்

கொட்டாஞ்சேனை,
22.6.1997

அன்பு மகள் கொன்ஸ்ரன்ஸ்,

அந்தோனியார் புண்ணியத்தில் எங்கள் உடம்புக்கு ஒரு குறையுமில்லை, நீயும் மருமகனும் அந்தக் குளிருக்குள் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். உடம்பைத்தான் சொன்னேன் பிள்ளை, மனம் செத்துப்போய்க் கிடக்கிறது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல.

ஆறாம் வகுப்புக்குக் கூட்டுத் தளவுருக்கள் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சும்மா கரும்பலகையில் கீறிவிட்டுப் போகத் தெரியாதென்று உனக்குத் தெரியும். சவர்க்காரப் பெட்டி மட்டையில் சதுரம், செவ்வகம், முக்கோணி வெட்டிக் கொடுத்தால் பிள்ளைகளே பொருத்தி வீடு, படகு, கோயில் என்று செய்வார்கள், பிறகு பிரித்து ஒவ்வொரு துண்டாகப் பரப்பளவு கண்டு கூட்டுவார்கள். அதோடு நின்றிருக்கலாம். எனக்கு எங்கே அடங்கும், அவரவர் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தின் தரையை அளந்து வெட்டி ஒட்டிக்கொண்டு வாருங்கள் என்று வீட்டுவேலையும் கொடுத்தேன். மட்டக்குளியிலிருந்து வருகிற செலீனின் தகப்பன் கிளெமென்ற் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அந்த அப்பாவி மனிசன் தான் மூட்டை அடுக்குகிற கிட்டங்கியைக் காலடியால் அளந்து மகளுக்குச் சொல்லியிருக்கிறார். இரண்டு செவ்வகமும் ஒரு சரிவகமும், வகுப்பிலேயே அதுதான் திறம். நான் சிவப்புப் பேனையால் "அளவுகள் எல்லாம் சரி" என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். பிள்ளை அதைக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

வியாழன் காலமை மட்டக்குளியில் பொலிசின் சுற்றிவளைப்பு, வீடு வீடாகத் தேடினார்கள். சுவரிலிருந்த படத்தைத் துறைமுகத்தில் குண்டு வைக்கக் கீறின பிளான் என்று சொல்லி கிளெமென்றைக் கொண்டுபோய்விட்டார்கள். வெள்ளிக்கிழமை நான் மட்டைத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனேன், அப்பா வேண்டாம் வேண்டாமென்று வாசல்மட்டும் வந்தார். அதிகாரியின் மேசையில் துண்டுகளைப் பொருத்தி, பிரித்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாடமே எடுத்தேன். நல்ல மனிசன் போலத்தான் கேட்டார், தன் மகளும் ஆறாம் வகுப்பு என்றார். பிறகு செலீனின் படத்தை எடுத்து, யாரோ வாசித்துச் சொல்லியிருக்க வேண்டும், என் சிவப்பெழுத்தில் விரலை வைத்து, அளவு சரியென்று உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்களும் போய் அளந்தீர்களோ என்றார். பெருக்கலும் கூட்டலும் சரி என்றுதான் எழுதினேன் ஐயா என்றேன். அப்படி எழுதவில்லையே என்றார். கிளெமென்றை மேலிடத்துக்கு அனுப்பியாயிற்றாம். என் அடையாள அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொண்டு திங்கட்கிழமை வரச் சொன்னார்.

இன்றைக்குப் பூசை முடிய செலீன் தாயின் கையை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். அழவில்லை. "ரீச்சர், நீங்கள் அதைப் பிழையெண்டு வெட்டிவிடுங்கோ, எனக்குப் பூச்சியம் போடுங்கோ, அப்பாவை விடுவினம்தானே" என்று கேட்டாள். ஓம் மகள் என்றேன். முப்பது வருசத்தில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்துகொண்டே பிழையாகச் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

நாளைக்குப் போகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்து அவர்களையும் மாட்டிவிடாதே, வீட்டுக்கு எடு. அப்பாவுக்குப் பிறசர் குளிசை விழுங்க மட்டும் ஞாபகப்படுத்து. ஆண்டவர் உங்கள் இருவரையும் காப்பாராக. அங்கே கோயிலுக்குப் போனால் கிளெமென்றுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து, எனக்கு வேண்டாம்.

உன் அம்மா,
றஞ்சிதம்