பாட்டில் என் பெயர்

2004 மார்ச் 3, கின்ஷாசா

பியர் கடையில் இன்றும் அதே கூத்து. நான் நுழைந்ததும் பாட்டுக்காரர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "ஏய், நம்ம குட்டி போசெங்கே வந்தாச்சு! நாற்காலி போடுங்கடா!" சின்ன வயதில் நான் பாடிய கல்யாணப் பாட்டை மேசையைத் தட்டித் தட்டிப் பாடினார்கள். குட்டியாம். எனக்கு நாற்பது ஆகிறது. இந்த ஊர்ப் பாடகர்கள் என் மேல் உயிரையே விடுகிறார்கள். பாடத்தான் ஒருவனும் கூப்பிடுவதில்லை.

மார்ச் 9

நம்பவே முடியவில்லை. இங்கோடியா கூப்பிட்டு அனுப்பினான். இன்றைக்கு ஊரில் பெரிய குழு அவனுடையதுதான். புதுப் பாட்டில் இரண்டாம் சரணம் எனக்காம்! "உங்க பாட்டைக் கேட்டுத்தாண்ணே நான் பாடவே வந்தேன்" என்றான்.

மொம்போவிடம் சொன்னேன். கருவாட்டை அலசிக்கொண்டே, "பாட்டு வெளிய வரட்டும், அப்புறம் ஆடுறேன்" என்றாள். கட்டியவளுக்கு வாய் அதிகம்.

மார்ச் 16

பாடிவிட்டேன். குரல் உடைந்த பிறகு முதல் ஒலிப்பதிவு. கரகரப்போடு, என் சொந்தக் குரலில். கிதார்காரன் மவுங்கு கண்ணைத் துடைத்துக்கொண்டான். இங்கோடியா மட்டும் தலையைக் குனிந்தபடி இருந்தான். ரசித்தானோ என்னவோ.

ஏப்ரல் 2

இன்னும் வெளிவரவில்லை.

ஏப்ரல் 20

வானொலியில் போட்டார்கள். முதல் சரணம் முடிந்தது. பிறகு கிதார். கிதார்தான் போய்க்கொண்டே இருந்தது — என் இடம் முழுக்க. அதன் முடிவில் இங்கோடியா உரக்கக் கூவினான்: "எங்க குட்டி போசெங்கே!" அவ்வளவுதான். பாட்டில் தங்கள் பெயரைக் கூவச் சொல்லிப் பணக்காரர்கள் காசைக் கொட்டுகிறார்கள். எனக்கு இலவசம்.

நேரே அவனிடம் போனேன். "கோவிச்சுக்காதீங்கண்ணே. ஜனங்க மனசுல நீங்க இன்னும் அந்தக் குட்டிப் பையன்தான். இந்தக் குரலைக் கேட்டா, யாருடா இந்தக் கிழவன்னு கேப்பாங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. அதான் பேரையாவது போட்டேன்."

உண்மையான பாசத்தோடுதான் சொன்னான். அதுதான் வயிற்றெரிச்சல். நான் பாடுனது எங்கடான்னு கேட்டேன். அழிச்சாச்சாம். அழிச்சாச்சாம்!

ஏப்ரல் 24

தெருவே வந்து வாழ்த்துகிறது. "கொடுத்து வச்ச ஆளுய்யா நீ!" பியர் கடையில் இரண்டு பாட்டில் வாங்கிக் கொடுத்தார்கள். மொம்போ ஒரு துண்டு மீனை அதிகமாக என் தட்டில் வைத்தாள். கிண்டல் செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மே 30

அடுத்த தெருவில் கல்யாணம். அந்தப் பாட்டைத்தான் போட்டார்கள். கிதார் தொடங்கியதும் என் சரணத்தை வாய்க்குள்ளேயே பாடிப் பார்த்தேன். முதல் வரி வந்தது. அடுத்த வரி எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அதற்குள் என் பெயர் வரும் இடம் வந்துவிட்டது. எல்லாரும் என் பக்கம் திரும்பிக் கையை உயர்த்திக் கத்தினார்கள். நானும் கத்தினேன்.