மேசையில் தட்டியவர்கள்

அன்புள்ள ஐயாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ குறைந்ததா? அம்மா குளிசையை நேரத்துக்கு எடுக்கிறாவா? நான் சுகம். இந்த வடஜேர்மன் கடற்காற்றுக்குக் காது மட்டும் அடைக்கிறது.

பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன விசயம் நடந்தது. என் கணித வகுப்பில் முதலாவதாக வரும் சிரியப் பிள்ளையை உயர்தர வகுப்புக்கு விடாமல் தொழிற்பயிற்சிக்கு அனுப்பலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் அதிபர் சொன்னார். "அவளுக்கு ஜேர்மன் மொழி காணாது" என்றார்.

நான் எழும்பினேன். "எனக்கும் இதைத்தான் சொல்லி மீன் தொழிற்சாலைக்கு அனுப்பினவை. பதினெட்டு வருசம் பெட்டி அடுக்கினன். இவளை அனுப்ப விடமாட்டன்."

எல்லோரும் மேசையில் தட்டத் தொடங்கினார்கள். எங்கள் பல்கலைக்கழகத்தில் பேசுபவரை இருத்தத்தானே அப்படித் தட்டுவோம்? நான் இன்னும் உரத்து, முதலிலிருந்து சொன்னேன். பக்கத்து ஆசிரியை என் கையைப் பிடித்தாள். "இருங்கோ ரஞ்சினி, இது எங்கட கைதட்டல்."

பிள்ளை உயர்தரத்துக்குப் போகிறாள். என் அடுத்த வருட ஒப்பந்தத்தில் அதிபர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. நான் கேட்கப் போவதுமில்லை.

அலுமாரியில் இருக்கும் என் பட்டச் சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இதுவரை பிரதியைத்தான் காட்டினேன். ஒப்பந்தம் வந்தாலும் வராவிட்டாலும் அதை ஆசிரியர் அறைச் சுவரில் மாட்டுவேன். ஒடியல் மாவும் கொஞ்சம் வையுங்கள், எனக்கு ஒருத்திக்குக் கூழ் காய்ச்சக் காணுமளவு.

வகுப்பு மணி அடித்துவிட்டது.

மகள்
ரஞ்சினி