உன் கதையின் கடைசித் தாள்

பைண்டு போடுகிறவர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சி அரிக்காமல் இருக்க. அந்த வாடை இத்தனை வருஷம் நிற்கும் என்று எனக்குத் தெரியாது. நேற்று உன் மகள் சிறுவாச்சூரிலிருந்து பஸ் ஏறி வந்து, பழைய துண்டில் சுற்றிய ஒரு புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "அம்மா இத உங்ககிட்டத்தான் சேக்கச் சொல்லிச்சு, பெரியம்மா" என்றாள். பிரிக்கும் முன்பே வாடையில் தெரிந்துவிட்டது, அது உன் கதை என்று.

உனக்குக் காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் அழுவேன் என்று அவள் எதிர்பார்த்திருப்பாள். நானோ புத்தகத்தைத் திறந்ததும் கறையைத்தான் தேடினேன். ஏழெட்டுப் பக்கங்களில் இருந்தது. முந்திரிப்பழம் தின்ற கையைப் பாவாடையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் படித்தவள் நான்தானே. துணியிலேயே போகாத கறை, காகிதத்தில் எங்கே போகப்போகிறது?

நமக்கு வாய்த்த படிப்பறை உங்கள் வீட்டுக் கூண்டு வண்டி. பங்குனியில் கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்து கொட்டகையில் நிறுத்தினால், கோடை முடியும்வரை அதை யாரும் சீண்டமாட்டார்கள். உள்ளே வைக்கோல் மெத்தை, மேலே கூண்டின் நிழல். ஐந்தாம் வகுப்போடு நம் இரண்டு பேரையும் நிறுத்திவிட்டார்கள் அல்லவா, பள்ளிக்கூடம் என்று சொல்ல மிச்சமிருந்தது அந்த வண்டிதான்.

சும்மா ஏறவிடவில்லை உன் அம்மா. விதைக்கடலைக் கூடையையும் கூடவே ஏற்றிவிடுவார். பருப்பில் கீறல் விழுந்தால் முளைக்காது, அதனால் உன் கண் கடலையை விட்டு நகராது. நான் வாய்விட்டுப் படிப்பேன், நீ உடைத்துக்கொண்டே கேட்பாய். எனக்கு எப்போதும் ஓட்டம்தான். நீ தலை நிமிராமலே சொல்வாய்: "மெதுவாப் படிடி, கதை எங்கயும் ஓடிப் போயிடாது."

சனிக்கிழமைதோறும் உன் அப்பா அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய் வாரப் பத்திரிகை வாங்கி வருவார். அதில் இரண்டு தொடர்கதைகள். ஆற்றை நீந்திக் கடக்கும் இளவரசன் எனக்கு. புருஷனின் கடிதத்துக்குக் காத்திருக்கும் பெண் உனக்கு. இளவரசனைப் போய் யாராவது விட்டுக்கொடுப்பார்களா என்று உன்னை நான் கேலி செய்திருக்கிறேன். கதை முடிந்ததும் அவரவர் கதைத் தாள்களை வெட்டியெடுத்து, சேர்த்து பைண்டு போட்டுக்கொள்வது என்று நமக்குள் பேச்சு.

நாம் கவனிக்காத ஒன்று இருந்தது. அது யுத்த காலம், காகிதப் பஞ்சம். பத்திரிகை வாரத்துக்கு வாரம் இளைத்தது. முன்பெல்லாம் தனித்தனித் தாளில் வந்த கதைகளை நெருக்கிப் போட ஆரம்பித்திருந்தார்கள். உன் கதை முடிந்த இதழில், அதன் கடைசிப் பக்கத்துக்குப் பின்னாலேயே என் கதையின் அந்த வாரப் பகுதி தொடங்கியது. ஒரே தாள்.

அன்றைக்கு அந்தப் பெண் கடைசியில் கடிதத்தைப் பிரிக்கிறாள். நீ கடலை உடைப்பதை நிறுத்திவிட்டாய். எனக்கோ தாளைத் திருப்பி இளவரசன் கரையேறினானா என்று பார்க்கும் அவசரம். உன் முடிவின் கடைசி வரிகளை வாய்க்குள்ளேயே விழுங்கிவிட்டுத் திருப்பிவிட்டேன். கடைசியை மறுபடி படி என்றாய். அப்புறம் என்றேன். பைண்டு ஆனதும் நீயே படித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாய்.

என் கதையும் வைகாசிக் கடைசியில் முடிந்தது. மறுநாளே என் அப்பா கடைத்தெருவுக்குக் கிளம்பினார். உனக்குச் சொல்லாமல் உங்கள் பத்திரிகைக் கட்டிலிருந்து என் தாள்களை வெட்டி, பைண்டுக்குக் கொடுத்தனுப்பினேன். வெட்டும்போதே பின்பக்கம் கண்ணில் பட்டது. பார்க்கவில்லை என்று இத்தனை நாளாய் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பார்த்தேன். அப்பா செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார், நான் கொடுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து உன் தாள்களை அடுக்கினாய். கடைசி இல்லை. நீ சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், எனக்கா வாய் இல்லை? நீ தரையில் கிடந்த கடலைத் தொலியைக் கூட்டி அள்ளிக்கொண்டே, "வெட்டுனது வெட்டுனதுதான். நீயே வச்சுக்க" என்று மட்டும் சொன்னாய். அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதித் தந்திருக்கலாம். அரைமணி வேலை. உன்னிடம் வலியப் போய்ப் பேச என் வீம்பு விடவில்லை. தையில் உன்னைச் சிறுவாச்சூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் எத்தனை கல்யாணம், எத்தனை திருவிழாக் கூட்டத்தில் சந்தித்தோம். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம், மழையைப் பற்றிப் பேசினோம். அந்தத் தாளின் பேச்சை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

நேற்று புத்தகத்தின் கடைசிக்குப் போனேன். அச்சுத் தாள் இருக்கவேண்டிய இடத்தில் கோடு போட்ட காகிதம், உன் குண்டுக் கையெழுத்து. நான் ஒரே தரம் படித்தபோது கேட்டதை வைத்து எழுதியிருக்கிறாய். வந்த கடிதத்தை அவள் விளக்குமாடத்தில் வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தாள், எல்லாம் இருந்தது. நடுவில், 'இங்கே அவள் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள்' என்றும் இருந்தது. கதையில் வரும் பெண்ணில்லை, நான். "என்ன பெரியம்மா சிரிக்கிறீங்க?" என்று உன் மகள் கேட்டாள்.

பக்கத்தின் அடியில், 'இவ்வளவுதான் ஞாபகம். மீதி அவளிடம் இருக்கிறது' என்று முடித்திருந்தாய்.

நான் விழுங்கிய இடம்தான் அது. உன் ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை.

உன் மகளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து பெட்டியைத் திறந்தேன். என் இளவரசன் பைண்டுக்குள் உன் தாள் அப்படியே இருக்கிறது. அதை அறுத்தெடுத்து உன் புத்தகத்தில் சேர்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரு தரம் வெட்டியது போதும், உன் கையெழுத்து இருக்கும் இடத்தில் வேறெதுவும் உட்காரக் கூடாது.

அன்றைக்கு உன் காதில் விழாமல் போனது நான்கே வரி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வாய்விட்டு, உனக்குப் படித்தேன். மெதுவாகத்தான் படித்தேன்.