பெரைரியன் என்றொரு சொல்

என் நைனாவுக்கு, ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் உன் படத்தைத் தொட்டுவிட்டுப் போகிற மகள் எழுதுவது.

ஒரு சேதி. நீ வேலை பார்த்த எண்ணூர் ஆலையில் உன் பெயர் இங்கிலீஷ் சொல்லாகிவிட்டது. அம்மோனியா குழாய் ஓரம் லேசாக வாடை வந்தாலே ஓடிப்போய்ச் சைரனை அழுத்துவாய். பாதித் தடவை அங்கே ஒன்றுமே இருக்காது. அந்தக் கடுப்பில் ஆபீஸ்காரர்கள் பெரைரா என்ற நம் குடும்பப் பெயருக்கு ஒரு வாலை ஒட்டி, 'பெரைரியன்' என்றார்கள். வீணாகப் பயப்படுகிற ஆள் என்று அர்த்தம். உன் காதிலும் விழுந்திருக்குமே, ஏன் வீட்டில் சொல்லவில்லை?

பழைய ஆட்கள் போய்விட்டார்கள், சொல் மட்டும் போகவில்லை. கண்ட்ரோல் ரூமில் என்னோடு இருக்கும் புது இன்ஜினியர் பெண் அதை டிக்‌ஷனரியில் தேடியிருக்கிறாள். "லத்தீன்ல இருந்து வந்திருக்கும்மா" என்றார் மேனேஜர், பெரிய மேதாவி மாதிரி. இங்கே எல்லாருக்கும் நான் வெறும் ஸ்டெல்லாதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உன் வேலையை இப்போது காத்திவாக்கத்து சேகர் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை குழாய் ஓரமே மயங்கி விழுந்துவிட்டான். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன்.

"வாடை வந்துச்சுல்ல? ஏன்டா சைரன் அடிக்கல?"

"காலைல இருந்தே வந்துகினுதான் இருந்துச்சுக்கா. அடிச்சா பெரைரியன்னு சிரிப்பானுங்க. அதான் கம்முனு இருந்துட்டேன்."

நைனா, உன்னைக் கேலி செய்தார்கள், போகட்டும். அந்தக் கேலி இப்போது ஆளையே சாகடிக்கப் பார்க்கிறதே, இதை எங்கே போய்ச் சொல்வது?

குழாயில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். நாளை மதியம் மறுபடியும் அம்மோனியா விடப்போகிறார்கள். அது கடல்காற்று ஊருக்குள் வீசுகிற நேரம். காற்று போகிற பக்கம்தான் பள்ளிக்கூடம், உன் பேத்தி அங்கேதான் படிக்கிறாள். ஒட்டு தாங்குமா என்று கேட்டேன். "பெரைரியன் ஆவாதீங்க மேடம்" என்றார் மேனேஜர். எல்லாரும் சிரித்தார்கள். அந்த இன்ஜினியர் பெண்ணும் ஏதோ கேட்க வாயெடுத்தவள், மூடிக்கொண்டாள்.

பயமாக இருக்கிறது. ஆனாலும் உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். நாளை என் மூக்குக்குத் துளி வாடை எட்டினாலும் யாரையும் கேட்கமாட்டேன், அழுத்திவிடுவேன். ஒன்றுமில்லாமல் போனால் வயிறு வலிக்கச் சிரிக்கட்டும். யார் அடித்தது என்று கேட்டால் எழுந்து நின்று முழுப் பெயரையும் சொல்வேன்.

உன் மகள்,
ஸ்டெல்லா பெரைரா