ஸ்டெல்லா டீச்சருக்குக் கிடைத்த மரியாதை

என் பிரியத்துக்குரிய ரோஸி அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு வந்திருக்கிற முதல் கல்லறைத் திருநாள் இது. மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். மனசில் ஜெபம் ஓடவில்லை. ஸ்டெல்லா டீச்சர் மேல் இருக்கிற பொறாமைதான் ஓடுகிறது. உங்களிடம் மறைத்து இனி என்ன ஆகப்போகிறது?

திண்டுக்கல் தோல் மண்டியில் கணக்கு எழுதிய நீங்கள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வேறு ஆளாகிவிடுவீர்கள். நம் வீட்டு முன்னறையில் நாலைந்து பேர் கூடுவார்கள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்சிலும் இங்கிலாந்திலும் இருந்த அறிஞர்களைப் பற்றித்தான் பேச்சு. ராஜாவுக்கு அதிகாரம் கடவுள் கொடுத்ததல்ல, ஜனங்களின் சம்மதம் கொடுத்தது. உரிமை ஒவ்வொருவருக்கும் பிறப்போடு வருகிறது, அதைப் பறிக்கிற அரசாங்கத்தை மாற்றலாம் என்பீர்கள். அடுப்படியில் நின்றபடியே நான் அத்தனையும் கேட்டு மனசில் ஏற்றிக்கொண்டேன். அது உங்களுக்குத் தெரியுமா?

அந்தக் கூட்டத்துக்கு வந்த ஒரே பெண், பெண்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்திய ஸ்டெல்லா டீச்சர்.

"சார், எல்லாருக்கும் உரிமைன்னு எழுதுனவங்கள்ல முக்காவாசிப் பேரு பொம்பளைகள மட்டும் ஏன் விட்டுட்டாங்க?" என்று ஒருநாள் மடக்கினாள். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செத்த நேரம் யோசித்தீர்கள். "நீங்க கேக்குறது நியாயம் டீச்சர்" என்றீர்கள். நான் கேட்ட எதற்காவது அப்படி யோசித்ததுண்டா?

அவள்மேல் உங்களுக்கு ஆசை என்று நான் நினைக்கவில்லை. இருந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். நீங்கள் அவளை மதித்தீர்கள். அதற்கு எப்படிச் சண்டை போடுவது?

அறுபத்திரண்டு தேர்தலில் ஓட்டுப் போடப் போனோம். "ஏ புள்ள, நான் சொன்ன சின்னத்துலயே குத்திரு. மாத்திக் கீத்திப் போட்டுறாத" என்றீர்கள். பெண்கள் வரிசையில் டீச்சர் நின்றாள். அவளிடம் எந்தச் சின்னத்தையும் சொல்லவில்லை. "யோசிச்சுப் போடுங்க டீச்சர், அது உங்க உரிமை" என்றீர்கள். உள்ளே போய், எனக்குச் சரியென்று பட்ட வேறு சின்னத்தில் குத்தினேன்.

திரும்பி வரும்போது கேட்டீர்கள். "நான் சொன்னதுலதான போட்ட?"

"இல்லங்க. டீச்சருக்கு மட்டுந்தான் யோசனை இருக்கா? எனக்குக் கிடையாதா?"

அன்றைக்குப் பூரா நீங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த தேர்தலில் எந்தச் சின்னமும் சொல்லவில்லை. அதையும் கோபம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இன்றைக்குக் கல்லறையில் டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அந்த ஓட்டு விஷயத்த சார் எங்கிட்ட எத்தன தடவ சொல்லியிருக்காரு தெரியுமா? நான் வாயால பேசுனத எம்பொண்டாட்டி செஞ்சு காட்டிட்டான்னு அம்புட்டுப் பெருமை அவருக்கு."

அழுகை வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. என்னைப் பற்றிய பெருமையைக்கூட அவளிடம்தான் சொல்ல வேண்டுமா? ஒரே வீட்டில்தானே இருந்தோம்? அந்த வார்த்தையை உங்கள் வாயால் கேட்டவள் அவள். எனக்கு இனி அது கிடைக்காது.

ஞாயிற்றுக் கூட்டத்தை மறுபடி தொடங்கலாமா என்று கேட்டாள். நம் வீட்டிலேயே நடத்தலாம் என்று சொல்லிவிட்டேன். பொறாமை தீர்ந்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இனி நானும் முன்னறையில் உட்காருவேன். அவள் சொல்வது தப்பென்று பட்டால் மறுத்துப் பேசுவேன். அவள் கேட்டுத்தான் ஆக வேண்டும். இது நான் உங்களுக்குத் தருகிற வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் மனைவி,
ரோஸி அம்மா